முதல் போட்டது

ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
காஜா மிஷின் பழசு ஒன்று,
பட்டன் மிஷின் அதைவிடப் பழசு ஒன்று,
திருப்பூர் நல்லூர்ப் பக்கம்
சிமெண்ட் ஷீட் கொட்டாய்க்கு அட்வான்ஸ் முப்பதாயிரம்.
மீதியை எதில் போடுவதென்று
ஆளுக்கொன்று சொன்னார்கள்.

'மொதல்ல போர்டு வைங்க' என்றார்
மிஷின் விற்ற சென்னியப்பன்.
'லைட் போட்ட போர்டுங்க,
ராத்திரியில பைபாஸ் வரைக்கும் தெரியோணும்.'
போர்டுக்காரன் எட்டாயிரத்து ஐநூறு சொன்னான்.
என்ன பேர் என்றான்.
யோசிக்க ஒரு வாரம் கேட்டு வந்தேன்.

அந்த வாரம்தான்
புடக்காளியில் இருந்த கக்கூசைப் பார்த்தேன்.
கதவு இருந்தது, தாழ் இல்லை.
கதவிலும் கீழ்ப்பாதி இல்லை.

பதினொரு வருசம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு
பொழுது சாயும்வரை அடக்கப் பழகியவள்.
அந்தக் கம்பெனி வாசலில்
கிரானைட்டில் போர்டு இருந்தது.

கதவு, தாழ், பல்பு, வாளி,
உள்ளேயே குழாய்:
ஏழாயிரத்து நானூறு.
போர்டுக்காரன் கூப்பிட்டபோது
'பேரு இன்னும் கெடைக்கலீங்க' என்றேன்.

வேலை கேட்டு வந்த சுந்தராம்பாள்
கூலி எவ்வளவென்று முதலில் கேட்கவில்லை.
பின்பக்கம் போனாள்.
தாழை இரண்டு தரம் போட்டுத் திறக்கும் சத்தம்.
வந்து, 'நாளைக்கு வாறனுங்க' என்றாள்.

தராசு ஐயாயிரத்து இருநூறு.
'ஏன், உனக்கு எண்ணத் தெரியாதா?' என்றாள் நங்கையா.
எனக்கு எண்ணத் தெரியும்.
அனுப்புகிறவர்களுக்கு மறக்கத் தெரியும்.
மூன்றாம் மாசம்
நாற்பத்திரண்டு பீஸ் குறைகிறது என்று போன்.
வந்த எடை, போன எடை,
டெம்போ டிரைவரின் கோணல் கையெழுத்து,
எல்லாம் சலானில் இருந்தது. படித்துக் காட்டினேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவர்கள் கட்டிங் மேசைக்கு அடியிலேயே
மூட்டை கிடந்ததாம்.
மன்னிப்பெல்லாம் ஒன்றும் இல்லை.
அடுத்த வாரம் லோடு இரண்டாக வந்தது.

வீண் செலவும் உண்டு, மறைப்பானேன்?
வீட்டுக்காரர் ஆசையாக அடித்துவந்த
விசிட்டிங் கார்டு ஐநூறு.
வள்ளிநாயகி, அதில் வள்ளிநாகி.
பின்பக்கம் பீஸ் கணக்கு எழுதி
கட்டுக்கு ஒன்றாகச் சொருகுகிறோம்.
தீர இன்னும் ஒரு வருசமாகும்.

எல்லாவற்றிலும் சல்லிசு
அறுபது ரூபாய் நோட்டும் நாற்பது ரூபாய் காந்தமும்.
ஊசி உடைந்தால்
துண்டையெல்லாம் தேடி டேப்பில் ஒட்டி
தேதி, நேரம், ஆள் எழுத வேண்டும்.
துண்டு சேராமல் புது ஊசி கிடையாது.

ஒருநாள் முனை மட்டும் கிடைக்கவில்லை.
வெளியே டெம்போ ஹாரன் அடிக்கிறான்.
இரண்டு வயசுப் பிள்ளைக்கான காலர் பனியன்,
எந்த ஊர்ப் பிள்ளையோ,
எந்தக் கழுத்தோ.
மிஷினை நிறுத்திவிட்டு
மூன்று பேரும் மண்டிபோட்டுத்
தரை முழுக்கக் காந்தத்தால் துழாவினோம்.
முக்கால் மணி நேரம்.
கடைசியில்
என் செருப்படியில் குத்திக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கத்தில்
ஆள் என்ற இடத்தில் என் பேரையும் எழுதினேன்.

போன வாரம் வந்த சலானில் விலாசம்:
'போர்டு இல்லாத காஜா, நல்லூர்.'
டீக்கடையில் கேட்டாலும்
அப்படித்தான் வழி சொல்கிறார்களாம்.
அதையே எழுதி மாட்டினால் என்ன ஆகுமென்று
போர்டுக்காரனைக் கேட்டேன்.
சிரித்துவிட்டு, எழுத்துக்கு இத்தனை என்றான்.

பார்க்கலாம்.
பட்டன் மிஷின் மோட்டாரில்
நேற்றிலிருந்து ஒரு சத்தம்.